ராடு ஒரு பக்கம், ஆர்க் ஒரு பக்கம்: மின்வில்லும் காந்தமும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில், ஊத்தான் மெலிந்தாங்கில் எங்கள் வெல்டிங் பட்டறைக்கு வரும் வேலையில் பாதி செம்பனைத் தோட்டத்து வேலைதான். டிராக்டர் டிரெய்லர், குலை தூக்கும் கிரேபரின் கை, லோரி சேசிஸ், ஆலையிலிருந்து வரும் கன்வேயர் தகடு. பட்டறை வைப்பதற்கு முன் ஒரு செம்பனை ஆலையின் எலக்ட்ரிக்கல் பகுதியில் 18 வருஷம் இருந்தேன். அதனால் வேலை பழக வரும் பையன்கள் வெல்டிங்கையும் கேட்பார்கள், சுவிட்ச்போர்டையும் கேட்பார்கள். இரண்டும் வெவ்வேறு தொழில் என்பது அவர்கள் நினைப்பு. கேட்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தில்தான் போய் முடிகிறது: வெல்டிங் குச்சியான ராடின் முனையிலும், சுவிட்ச் பிரியும் இடத்திலும் எரியும் ஆர்க்கைக் காந்தம் தள்ளுகிறது. திரும்பத் திரும்பச் சொன்னதை இங்கே எழுதிவைத்திருக்கிறேன்.

அண்ணே, ராடை நேராகத்தான் பிடிக்கிறேன். ஆர்க் மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடுகிறது. ராடு ஈரமாகிவிட்டதா?

ஈரமான ராடு வேறு மாதிரி நடந்துகொள்ளும். பொரியும், தெறிக்கும், பீடில் (உருகி உறைந்த வெல்டிங் வரியில்) துளை விழும். ஆர்க் ஒரே திசையில், காற்றில் சாயும் விளக்குச் சுடர்போலச் சாய்ந்தால் அது காந்தத்தின் வேலை. வெல்டர்கள் இதை ஆர்க் புளோ என்பார்கள். அப்போது முதலில் பார்க்க வேண்டியது ராடை அல்ல, எர்த் கிளாம்ப், அதாவது கரண்ட் மிஷினுக்குத் திரும்பிப் போகும் கேபிளின் கவ்வி, எங்கே மாட்டியிருக்கிறது என்பதை.

காந்தம் இரும்பைத்தானே இழுக்கும்? ஆர்க் வெறும் நெருப்பு. அதை எப்படித் தள்ளும்?

ஆர்க் நெருப்பு இல்லை. அது கரண்ட் ஓடும் பாதை. ராடின் முனைக்கும் தகட்டுக்கும் இடையில் உள்ள காற்றும் உலோக ஆவியும் பல ஆயிரம் டிகிரிக்குச் சூடாகி, அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிய்ந்து, அந்த இடமே மின்சாரம் கடத்தும் பொருளாகிவிடுகிறது. பிளாஸ்மா என்பது அதைத்தான். கரண்ட் ஓடும் எந்தக் கம்பியையும் காந்தப்புலம் பக்கவாட்டில் தள்ளும். மோட்டார் சுற்றுவது அதனால்தான். பள்ளியில் எஸ்பிஎம் தேர்வுக்குப் பௌதிகத்தில் படித்த இடக்கை விதியை நினைத்துப் பாருங்கள்: சுட்டுவிரல் காந்தப்புலம், நடுவிரல் கரண்ட், கட்டைவிரல் காட்டும் பக்கம் விசை. ஆர்க்குக்கும் அதே விதிதான். ஒரே வித்தியாசம், மோட்டாரில் கம்பியை இரும்புக் காடியில் இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். ஆர்க்கை யாரும் கட்டவில்லை.

தமிழில் இதற்கு மின்வில் என்று பெயர். ஆங்கிலப் பெயருக்கும் வில் வளைவுதான் மூலம். 1802இல் ரஷ்யாவில் வசீலி பெத்ரோவும், அதற்குப் பிறகு சில ஆண்டுகளில் லண்டனில் ஹம்ப்ரி டேவியும் பெரிய பாட்டரிகளை வைத்து ஆர்க் உண்டாக்கினார்கள். கரித்துண்டுகளைக் கிடையாக வைத்தால், நடுவில் உள்ள சூடான காற்று மேலே எழும்பி, ஒளி வில்போல வளையும். 1821இல் டேவி அந்த ஒளிக்குப் பக்கத்தில் காந்தத்தைக் கொண்டுபோய், அது விலகுவதையும் சுழல்வதையும் பார்த்து எழுதினார். ஆர்க் புளோவை முதலில் பார்த்தவர் அவர் என்றே சொல்லலாம், வெல்டிங் என்ற தொழில் பிறப்பதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே.

ஒரு சின்னக் காந்தத்துக்கு அவ்வளவு பலமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 ஆம்பியர் கரண்ட், 1 சென்டிமீட்டர் நீள ஆர்க், 100 காஸ் காந்தப்புலம். 100 காஸ் என்பது குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டும் காந்தத்தின் முகத்தில் கிடைக்கிற அளவு. நீளத்தை மீட்டரிலும் (0.01) காந்தப்புலத்தை டெஸ்லாவிலும் (0.01) வைத்து மூன்றையும் பெருக்கினால் விசை 0.01 நியூட்டன். அதாவது ஒரு கிராம் எடை. இதுவா பலம் என்று தோன்றும்.

ஆனால் ஆர்க்கின் எடை என்ன? பத்தாயிரம் டிகிரியில் காற்று மிகவும் மெலிந்துபோகும். அந்த 1 சென்டிமீட்டர் ஆர்க்குக்குள் இருக்கும் வாயுவின் எடை இரண்டு மைக்ரோகிராம் சுமாருக்குத்தான் வரும். ஒரு கொசுவின் எடையில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதன்மேல் ஒரு கிராம் எடையை வைத்துத் தள்ளினால் நிற்குமா? சுற்றியிருக்கும் காற்று தடுப்பதால்தான் அது ஓரளவாவது அடங்குகிறது. தடுத்தும்கூட, கரண்டைத் துண்டிக்கும் பிரேக்கர்களுக்குள் ஆர்க் நொடிக்குப் பத்துக்கணக்கான மீட்டர், சில சமயம் நூறு மீட்டருக்கு மேல் ஓடுகிறது.

ஆர்க் ஓடுகிறது என்று நான் சொன்னாலும், அதே காற்று அப்படியே நகர்ந்து போவதில்லை. முன்பக்கத்துக் காற்று சூடாகிக் கரண்டைக் கடத்தத் தொடங்குகிறது, பின்பக்கம் ஆறிப்போகிறது. பாதைதான் இடம் மாறுகிறது.

சரி, எந்தப் பக்கம் ஓடும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?

முடியும். விரல்களை வைத்துக்கொண்டு தடுமாற வேண்டாம், இரண்டு விஷயம் நினைவிருந்தால் போதும்.

முதலாவது, கரண்ட் வளையும் இடம். கரண்ட் ராடு வழியாகக் கீழே வந்து, தகட்டில் திரும்பி, எர்த் கிளாம்பை நோக்கிப் போகிறது. அங்கே ஒரு மூலை உண்டாகிறது. மூலையின் உள்பக்கம் காந்தக் கோடுகள் நெருக்கியடித்து நிற்கும், வெளிப்பக்கம் கலைந்து நிற்கும். நெருக்கடியான பக்கத்திலிருந்து ஆர்க் தள்ளப்படும். ஆகவே ஆர்க் எர்த்தை விட்டு விலகி ஓடும். இதையே இன்னொரு விதமாகச் சொன்னால், கரண்ட் போகும் வளையம் எப்போதும் விரியப் பார்க்கும். அந்த வளையத்தில் இளகிய துண்டு ஆர்க் ஒன்றுதான், அதனால் அதுதான் நகர்கிறது.

இரண்டாவது, இரும்பு எந்தப் பக்கம் அதிகம். காந்தக் கோடுகளுக்குக் காற்றைவிட இரும்பில் போவது சுலபம். தகட்டின் ஓரத்துக்கு வந்ததும், முன்னால் இரும்பு தீர்ந்துபோகிறது, பின்னால் நிறைய இருக்கிறது. கோடுகள் ஓரத்தில் நெருக்கியடிக்க, ஆர்க் இரும்பு அதிகமுள்ள பக்கம் சாயும். அதனால்தான் தையல், அதாவது வெல்டிங் வரி, தொடங்கும் இடத்தில் ஆர்க் முன்னால் பாயும், முடிக்கப்போகும் இடத்தில் பின்னால் அடிக்கும். மூலைக்குள் தைக்கும்போது சனியன் பிடித்ததுபோல் ஆடுவதற்கும் இதுதான் காரணம்.

இரண்டும் ஒரே பக்கம் சேர்ந்துகொண்டால் பீட் கெட்டுவிடும். இரண்டையும் எதிரெதிராக மோதவிடுவதுதான் வேலை தெரிந்தவனின் கெட்டிக்காரத்தனம்.

எப்படி மோதவிடுவது?

எர்த்தைத் தையல் தொடங்கும் முனையில் மாட்டுங்கள். எர்த்தை விட்டு விலகித் தைத்துக்கொண்டே போனால், எர்த் ஆர்க்கை முன்னால் தள்ளும், முடிவு ஓரம் பின்னால் இழுக்கும். ஒன்றை ஒன்று சரிக்கட்டும். நீளத் தகடு என்றால் இரண்டு முனையிலும் எர்த் மாட்டிப் பார்க்கலாம்.

அதற்கும் அடங்கவில்லையென்றால் ஆர்க்கின் நீளத்தைக் குறைக்க வேண்டும். நீளமான ஆர்க் காற்றில் பட்டம், குட்டையான ஆர்க் கட்டை. கரண்டைக் கொஞ்சம் குறைக்கலாம். தன் கரண்டே உண்டாக்கும் காந்தம் தன்னையே தள்ளுவதால், கரண்டை இரட்டிப்பாக்கினால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். ராடின் முனையை ஆர்க் ஓடும் பக்கத்துக்கு எதிராகச் சாய்க்கலாம். இரு முனையிலும் அதே கனத்தில் துண்டுத் தகடு ஒட்டிவைத்து, தையலை அந்தத் துண்டில் தொடங்கி அந்தத் துண்டில் முடித்து, பிறகு வெட்டியெறியலாம். பெரிய தகட்டு வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பையன்களுக்குத்தான் சோம்பல்.

ஏசி மிஷினுக்கு மாறினால் ஆர்க் புளோ போய்விடுமாமே? கரண்ட் திசை மாறிக்கொண்டே இருப்பதாலா?

பெரும்பாலும் போய்விடும். ஆனால் நீங்கள் சொன்ன காரணம் தப்பு. பல வருஷம் நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

யோசித்துப் பாருங்கள். கரண்ட் திசை மாறும்போது அந்தக் கரண்டால் உண்டாகும் காந்தப்புலமும் கூடவே மாறுகிறது. இரண்டும் மாறினால் விசை பழைய பக்கமேதான் இருக்கும். சட்டையை இரண்டு தடவை புரட்டிப் போட்ட கதை. உண்மையான காரணம் தகட்டுக்குள் இருக்கிறது. மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் இரும்புத் தகட்டுக்குள் சுழல் மின்னோட்டங்களை எழுப்பும். அவை தங்களை எழுப்பிய காந்தத்தை எதிர்த்து நிற்கும். மொத்தக் காந்தப்புலம் வலுவிழக்க, ஆர்க் அடங்குகிறது.

தகடே காந்தமாகிவிட்டிருந்தால் கதை வேறு. அந்தப் புலம் மாறாது, கரண்ட் மட்டும் மாறும். ஆகவே ஆர்க் ஒரு நொடிக்கு 50 முறை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும். ஒரே பக்கம் ஓடுவதற்கு இது தேவலை, அவ்வளவுதான்.

ராடையும் பார்த்துக்கொள்ளுங்கள். 6013 என்ற ராடு வகை ஏசியில் நன்றாக எரியும். 7018 வகையில் சில ஏசிக்கு ஒத்துவரும், சில ஒத்துவராது, பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு மாட்டுங்கள். இப்போது கடைகளில் விற்கும் சின்ன இன்வெர்ட்டர் செட்டுகளில் பெரும்பாலானவை டிசி (திசை மாறாத கரண்ட்) மட்டும்தான் கொடுக்கும். பழைய டிரான்ஸ்பார்மர் செட்டைக் கிலோ கணக்கில் இரும்புக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

காந்த மூலைமட்டம் வைத்துத் தைக்கலாமா?

டேக் (துண்டுகளைத் தற்காலிகமாகப் பிடிக்கும் சின்ன வெல்டிங்) அடிக்கும் வரை வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் கழற்றிவிடுங்கள். ஆர்க்குக்கு இரண்டு அங்குலம் தள்ளி ஒரு காந்தத்தை ஒட்டிவைத்துவிட்டு, ராடு சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். சூடு ஏறினால் காந்தமும் பலம் இழந்துபோகும். சாதாரண நியோடிமியம் காந்தத்துக்கு 80 டிகிரிதான் தாக்குப்பிடிக்கும் எல்லை.

எல்லாம் செய்தும் அடங்கவில்லை. இரும்பே காந்தமாகியிருந்தால் என்ன செய்வது?

இது அபூர்வமில்லை. ஆலையில் பாய்லர் அல்லது ஸ்டெரிலைசரின் தையலில் வெடிப்பு இருக்கிறதா என்று காந்தத் துகள் சோதனை செய்வார்கள். இரும்பைக் காந்தமாக்கி, மேலே துகளைத் தூவினால், வெடிப்பு உள்ள இடத்தில் துகள் சேரும். சோதனை முடிந்து காந்தத்தை முழுவதும் போக்காமல் விட்டால், அடுத்து வரும் வெல்டர்தான் அவதிப்படுவார். காந்தக் கிரேனில் தூக்கிய தகடும் அப்படித்தான். இரண்டு குழாய்களை முகத்தோடு முகம் வைக்கும்போது இன்னும் மோசம், குழாய் முழுவதும் பரவியிருக்கும் காந்தம் அந்த ஒடுக்கமான இடைவெளியில் கூடி நிற்கும்.

ஒரு பின்னூசியை நூலில் கட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள், தகட்டுப் பக்கம் சாய்ந்தால் காந்தம் இருக்கிறது. காஸ் மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. தொழிலில் சொல்லும் கணக்கு: 20 காஸைத் தாண்டினால் ஆர்க் ஆடத் தொடங்கும், 40க்கு மேல் போனால் தைப்பது பெரும்பாடு. ஒப்பிட்டுப் பார்க்க, நம் மண்ணில் பூமியின் காந்தப்புலம் 0.4 காஸ் அளவுதான். அது உங்கள் தையலைக் கெடுக்காது. வடக்குப் பார்த்துத் தைக்க வேண்டியதில்லை.

வழி இதுதான்: வெல்டிங் கேபிளையே வேலைப்பொருளின்மேல் சில சுற்றுகள் சுற்றி, டிசி கரண்டைச் செலுத்துங்கள். சுற்றிய திசை சரியாக இருந்தால் உண்டாகும் காந்தம் பழைய காந்தத்துக்கு எதிராக நிற்கும். ஊசி இன்னும் பலமாகச் சாய்ந்தால் திசை தப்பு, சுற்றை மாற்றிப் போடுங்கள். முதல் ஒன்றிரண்டு வரிசை தைத்து இரு துண்டுகளும் சேர்ந்துவிட்டால், காந்தத்துக்கு இரும்பு வழியாகவே பாதை கிடைத்துவிடும். இடைவெளியில் தொல்லை குறைந்துவிடும்.

தலைக்கு மேலே தைக்கும்போது உருகிய உலோகம் கீழே கொட்டாமல் மேலே ஏறுகிறதே, அதுவும் காந்தமா?

பெரும் பகுதி அதுதான். ஒரே திசையில் ஓடும் இரண்டு கரண்ட் ஒன்றையொன்று ஈர்க்கும். ஆர்க்கைப் பல நூல்கள் சேர்ந்த கயிறாக நினைத்தால், எல்லா நூலும் ஒன்றையொன்று நெருக்கி, ஆர்க் தன்னைத்தானே பிழிந்துகொள்கிறது. ராடு முனையில் ஆர்க் குறுகலாக இருப்பதால் அங்கே பிழிவு அதிகம், தகட்டுப் பக்கம் விரிந்திருப்பதால் அங்கே குறைவு. பற்பசைக் குழாயை ஒரு முனையில் அமுக்கினதுபோல, சூடான வாயு ராடிலிருந்து தகட்டை நோக்கிப் பீறிடும். வேகம் நொடிக்கு நூறு மீட்டர் அளவுக்குப் போகும். அந்தக் காற்று சொட்டுகளைத் தள்ளிக்கொண்டு போகிறது. மேலே பார்த்துத் தைத்தாலும் மேலேதான்.

ஆர்க் ராடு காட்டும் திசையிலேயே விறைப்பாக நிற்பதும் இதனால்தான். கரண்ட் குறைந்தால் விறைப்பும் போய்விடும். ஆர்க் புளோவுக்குக் கரண்டைக் குறைக்கச் சொன்னேனே, அதிலும் அளவு பார்க்க வேண்டியது இதற்காக.

ஆலையில் மோட்டாரை ஆன், ஆஃப் செய்யும் கான்டாக்டரின் மேல்மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டலாமா? மூடியில் ஒன்றுமில்லையே, வெறும் தகடுகள்தானே?

அந்த வெறும் தகடுகள்தான் உயிர் காக்கின்றன. நான் வேலை செய்த இடத்தில் ஒருவர் காண்டாக்டை, அதாவது உள்ளே ஒட்டிப் பிரியும் உலோக முனைகளை, சுத்தம் செய்துவிட்டு மூடியை மாட்ட மறந்துவிட்டார். மோட்டார் ஓடியது. நிறுத்தும்போது ஒரு பிளிச்சென்ற வெளிச்சம், அடுத்த நொடி மூன்று பேஸும் ஒன்றாகி ஷார்ட் ஆகிவிட்டது. நல்லவேளை, போர்டுக் கதவு சாத்தியிருந்தது.

மூடிக்குள் என்ன நடக்கிறது என்றால், காண்டாக்ட் பிரிந்ததும் ஆர்க் பற்றும். காண்டாக்டுக்குக் கரண்ட் வரும் வழியை வேண்டுமென்றே வளைவாக அமைத்திருப்பார்கள். வளையம் விரியப் பார்க்கும் என்று வெல்டிங்கில் சொன்னேன் அல்லவா, அதேதான். ஆர்க் வெளியே தள்ளப்படும். வெளியே இரும்புத் தகடுகள் வரிசையாக நிற்கின்றன. இரும்பு உள்ள பக்கம் ஆர்க் சாயும், அதுவும் அதேதான். வெல்டரைப் படுத்திய இரண்டு குணத்தையும் இங்கே கூலிக்கு வைத்திருக்கிறார்கள்.

தகடுகளுக்குள் புகுந்த ஆர்க் துண்டு துண்டாக நறுக்கப்படும். ஒவ்வொரு துண்டும் ஒரு தனி ஆர்க். ஒவ்வொன்றும் எரிய, அதன் இரு முனைகளில் மட்டுமே 20 முதல் 30 வோல்ட் வேண்டும். வீட்டு பிரேக்கரில் 12 தகடு என்று வைத்துக்கொள்ளுங்கள். 13 துண்டு. ஒன்றுக்கு 25 வீதம் 325 வோல்ட். நம் வீட்டு 230 வோல்ட் ஏசியின் உச்சம் எவ்வளவு தெரியுமா? அதுவும் 325. அந்த அளவை எட்டிவிட்டால் சப்ளையால் ஆர்க்கைத் தாங்க முடியாது, கரண்ட் விழுந்துவிடும். தகடுகளால் ஆர்க்கை நறுக்கும் இந்த உத்தியை 1920களில் அமெரிக்காவில் ஜோசப் ஸ்லெப்பியன் வளர்த்தெடுத்தார். இன்றைக்கு உங்கள் வீட்டு டிபி (மின்பகிர்வு) பெட்டிக்குள் இருப்பது அதன் பேரப்பிள்ளை.

கூரையில் சோலார் போட்டிருக்கிறோம். டிசி பிரேக்கரில் பிளஸ், மைனஸ் குறி இருக்கிறது. மாற்றி மாட்டினாலும் வேலை செய்கிறதே?

ஆன் ஆகும். ஆஃப் செய்யும் நாளில்தான் தெரியும்.

ஏசி கரண்ட் ஒரு நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடும். ஆர்க்குக்கு அது நூறு சாவு வாய்ப்பு. டிசிக்கு அந்தப் பூஜ்யம் கிடையாது, ஆர்க்கை இழுத்து நீட்டித்தான் அணைக்க வேண்டும். இதில் ஒரு விநோதமும் உண்டு. பெரிய கரண்டை உடைப்பதைவிடச் சின்னக் கரண்டை உடைப்பது சில சமயம் கடினம். பெரிய கரண்ட் தன் காந்தத்தாலேயே தன்னைத் தள்ளிக்கொண்டு ஓடும். சோலார் வரிசையில் வரும் பத்துப் பன்னிரண்டு ஆம்பியருக்கு அந்த வலு இல்லை, காண்டாக்டிலேயே உட்கார்ந்து எரிந்துகொண்டிருக்கும். அதனால் சில வகை டிசி பிரேக்கருக்குள் நிரந்தரக் காந்தம் ஒன்றை வைத்து, ஆர்க்கைத் தகடுகள் பக்கம் தள்ளுகிறார்கள்.

காந்தத்தின் திசை நிலையானது. கரண்டை நீங்கள் திருப்பி மாட்டினால் விசையும் திரும்பும். ஆர்க் தகடுகளுக்குள் போகாமல் எதிர்ப்பக்கம், பிளாஸ்டிக் உடம்புக்குள் போகும். பல நூறு வோல்ட் டிசி, வெயில் இருக்கும் வரை நிற்காது. பெட்டி தீப்பிடிக்கும். திசை பார்க்காத வகை பிரேக்கரும் கிடைக்கிறது. எது உங்களுடையது என்பதை உடம்பில் அச்சிட்ட குறியைப் பார்த்து வயர்மேனிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

சுவிட்ச்போர்டில் பல்லி விழுந்து ஷார்ட் ஆனது. பல்லி கிடந்த இடம் ஒன்று, செம்பு உருகிய இடம் வேறு. எப்படி?

பஸ்பார் என்ற செம்புப் பட்டைகளுக்கு நடுவில் பற்றிய ஆர்க் அங்கேயே நிற்காது. ஒரு பட்டையில் கரண்ட் வந்து, ஆர்க் வழியாகத் தாண்டி, மறு பட்டையில் திரும்பிப் போகிறது. மறுபடியும் ஒரு வளையம், விரியப் பார்க்கிறது. ஆர்க் சப்ளை வரும் பக்கத்தை விட்டு விலகி, பட்டைகளின் மறுமுனைக்கு ஓடிவிடும். முனையில் போக்கிடம் இல்லாததால் அங்கே நின்று உருக்கும். அதனால் கருகிய இடத்தில் நின்றுகொண்டு காரணம் தேடாதீர்கள். சப்ளை வரும் பக்கமாகப் பின்னோக்கிப் போய்த் தேடுங்கள், செம்பில் சின்னச் சின்னப் புள்ளிகளாகக் காலடித் தடம் இருக்கும்.

11,000 வோல்ட் பிரேக்கருக்குள் காற்றே இல்லையாமே? அங்கேயும் காந்தம் உண்டா?

உண்டு, அதுவும் அழகாக. வெற்றிடக் குப்பிக்குள் இரண்டு காண்டாக்ட், ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தூரம் விலகும், அவ்வளவுதான். காற்று இல்லாததால் ஆர்க் உலோக ஆவியில் எரியும். கரண்ட் மிக அதிகமானால் ஆர்க் முழுவதும் ஒரே இடத்தில் குவிந்து காண்டாக்டில் குழி பறித்துவிடும். இதைத் தவிர்க்க இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். காண்டாக்டின் முகத்தைச் சுருள் சுருளாக வெட்டினால், கரண்ட் வளைந்து போய், உண்டாகும் காந்தம் ஆர்க்கை வட்டமாக ஓடவைக்கும். ஓரிடத்தில் நிற்காததால் குழி விழாது. இன்னொரு வழியில், காண்டாக்டின் பின்னால் கரண்டைச் சுற்றிவிட்டு, ஆர்க் போகும் அதே திசையில் காந்தப்புலம் உண்டாக்குவார்கள். அது ஆர்க்கைப் பக்கவாட்டில் தள்ளாது. குவியவிடாமல் முகம் முழுவதும் பரப்பி வைக்கும்.

இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. வெற்றிடத்தில் கேத்தோடு (எதிர்மின்முனை) முகத்தில் சின்னச் சின்ன ஒளிப்புள்ளிகள் ஓடும். காந்தம் வைத்தால் அவை இடக்கை விதி சொல்லும் பக்கத்துக்கு நேர் எதிராக ஓடும்! 1903இல் ஜெர்மனியின் யோகான்னஸ் ஸ்டார்க் இதைக் கவனித்தார். காரணம் என்று பலர் பலதைச் சொல்லியிருக்கிறார்கள், எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஒரே விளக்கம் நூறு வருஷம் தாண்டியும் வரவில்லை. விதி எழுதியவர்களுக்கே தண்ணி காட்டும் புள்ளி.

ஆர்க்கைக் காந்தத்தால் வளைத்து ஏதாவது உருப்படியான வேலை செய்திருக்கிறார்களா?

உரம் செய்திருக்கிறார்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன், ஆனால் செடியால் அதை நேராக எடுத்துக்கொள்ள முடியாது. 3,000 டிகிரிக்கு மேல் சூடாக்கிச் சட்டென்று ஆறவைத்தால் நைட்ரஜனும் ஆக்சிஜனும் கொஞ்சம் சேரும். ஆர்க் அதற்குப் போதுமான சூடுதான், ஆனால் ஒல்லி. அதன் வழியாக எவ்வளவு காற்றை விட முடியும்? நார்வேயில் கிறிஸ்டியன் பிர்க்கலான் என்ற பௌதிகப் பேராசிரியர், வடதுருவ ஒளியை ஆராய்ந்தவர், மின்காந்தப் பீரங்கி செய்யவும் முயன்றவர். 1903இல் அவரும் சாம் ஐடே என்ற பொறியாளரும் சேர்ந்தார்கள். ஏசி ஆர்க்கின் இரு பக்கமும் பெரிய மின்காந்தத்தை வைத்தார்கள். காந்தம் நிலையானது, கரண்ட் மாறுவது. ஒரு அரைச்சுற்றில் ஆர்க் மேலே அரைவட்டமாக விரியும், அடுத்த அரைச்சுற்றில் கீழே. நொடிக்கு ஐம்பது முறை இது நடப்பதால் கண்ணுக்கு முழு வட்டத் தட்டாகத் தெரியும். பெரிய உலைகளில் 2 மீட்டருக்கும் மேல் அகலமான நெருப்புத் தட்டு. அதன் ஊடே காற்றை ஊதினார்கள். வந்த வாயுவை நைட்ரிக் அமிலமாக்கி, சுண்ணாம்புக்கல்லோடு சேர்த்து, கால்சியம் நைட்ரேட் உரமாக விற்றார்கள்.

1905இல் இதற்கென்று நோர்ஸ்க் ஹைட்ரோ என்ற கம்பெனி பிறந்தது. நோட்டோடனிலும் ரியூக்கானிலும் அருவி மின்சாரத்தில் ஆலைகள் ஓடின. கரண்டை விழுங்கும் முறை என்பதால், காற்றின் நைட்ரஜனிலிருந்து அம்மோனியா செய்யும் ஹாபர் போஷ் முறை வந்தபிறகு மெல்ல மெல்ல நின்றுபோனது. அந்தக் கம்பெனியின் உரப் பகுதி 2004இல் யாரா என்று தனியாகப் பிரிந்தது. ஆமாம், மூட்டையில் கப்பல் படம் போட்டு வருகிறதே, அதே யாராதான். உர மூட்டை தூக்கும் நம் ஆட்களுக்கும் ஆர்க் புளோவுக்கும் இப்படி ஒரு சொந்தம் இருக்கிறது.

நம் பக்கத்துப் பழைய தியேட்டர்களிலும் இது இருந்தது. புரொஜெக்டருக்குள் கரிக்குச்சி ஆர்க் எரியும். சுடர் ஆடினால் திரையில் வெளிச்சம் ஆடும், கீழே விசில் பறக்கும். அதனால் விளக்குப் பெட்டிக்குள் சின்னக் காந்தம் வைத்துச் சுடரை அதன் இடத்தில் நிறுத்துவார்கள். பழைய இரும்பை உருக்கும் மூன்று பேஸ் ஆர்க் உலையிலோ இதே குணம் தொல்லை. மூன்று ஆர்க்கும் ஒன்றையொன்று வெளியே தள்ள, சுடர் உலைச் சுவரை நோக்கி அடிக்கும். ஒவ்வொரு மின்முனைக்கும் எதிரில் உள்ள சுவர் சீக்கிரம் அரித்துப்போகும்.

இடியைக் காந்தம் வைத்துத் திருப்ப முடியுமா?

முடியாது. மின்னல் எந்த வழியாக இறங்கும் என்பதை மின்புலம் முடிவு செய்கிறது, நாம் வைக்கும் காந்தம் அங்கே தூசுக்குச் சமம். இடிதாங்கியை ஒழுங்காக எர்த் செய்து வையுங்கள். ஆனால் மின்னல் தன் காந்தத்தாலேயே பிழியும். ஆஸ்திரேலியாவில் ஒரு மண்ணெண்ணெய் ஆலையில் மின்னல் இறங்கிய செப்புக் குழாய் ஒன்று கசக்கின வைக்கோல்போல நசுங்கிப்போனது. வெளியிலிருந்து யாரும் அதை அடிக்கவில்லை. 1905இல் சிட்னியில் பொல்லாக், பாரக்ளோ என்ற இருவர் அதை ஆராய்ந்து, கரண்டே குழாயைப் பிழிந்தது என்று காட்டினார்கள்.

அப்பாவுக்குப் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறது. பட்டறையில் வெல்டிங் செய்யலாமா?

டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். மிஷின் எத்தனை ஆம்பியர் என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள்.

அளவு தெரிந்துகொள்ள ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். 150 ஆம்பியர் போகும் ஒற்றைக் கேபிளிலிருந்து 30 சென்டிமீட்டரில் 1 காஸ், 3 சென்டிமீட்டரில் 10 காஸ். எம்ஆர்ஐ அறைகளில் பேஸ்மேக்கர் உள்ளவர் தாண்டக் கூடாதென்று நீண்ட காலமாகக் குறித்துவந்தது 5 காஸ் கோடு. ஆக, கேபிளைத் தோளில் போட்டுக்கொண்டு தைக்கும் நம் ஊர்ப் பழக்கம் அவருக்கு ஆகவே ஆகாது. டாக்டர் சரி என்று சொன்னாலும், ராடு கேபிளையும் எர்த் கேபிளையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டி, உடம்பின் ஒரே பக்கமாகத் தரையில் விடுங்கள். எதிரெதிராக ஓடும் இரண்டு கரண்ட் ஒன்றின் காந்தத்தை ஒன்று அழித்துவிடும். இரண்டு கேபிளுக்கும் நடுவில் அவர் நின்றால், வளையத்துக்குள் நிற்கிறார் என்று அர்த்தம்.